முதியோர் இல்லம்: மிக்ஸியில் அரைத்த சாப்பாடு பாதி மிஞ்சுகிறது

சமையற்கட்டு:
இல்லத்தில் 30 பேர். அதில் பல் இல்லாமல், விழுங்கச் சிரமப்படுகிற 8 பேருக்குச் சோறு, சாம்பார், பொரியலை ஒன்றாக வெந்நீர் விட்டு மிக்ஸியில் அடித்துக் கொடுக்கிறோம். பாதி மிஞ்சுகிறது, எடையும் இறங்குகிறது. ராச்சாப்பாடு 6 மணிக்கு, காலை டிபன் 8 மணிக்கு. புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?

உணவியல்:
பவுடர் அப்புறம். முதலில் மிக்ஸியை நிறுத்துங்க. வெந்த சோற்றை அடித்தால் பசையாகி மேலண்ணத்தில் ஒட்டும். வெந்நீர் விட்டு இளக்கினால் வயிறு நிரம்பும், சத்து ஏறாது. நொய்யரிசி ஒரு பங்கு, பாசிப்பருப்பு கால் பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. குக்கரில் குழையவிட்டு மத்தால் மசிங்க. இளக்கப் பருப்புத் தண்ணியோ பாலோ விட்டு, மேலே ஒரு டீஸ்பூன் நெய். பூசணி, கேரட்டைத் தனியா மசித்துத் தட்டில் தனியாவே வைங்க. எல்லாம் ஒரே நிறக் கூழா வந்தா யாருக்குச் சாப்பிடத் தோணும்?

பதம்: ஸ்பூனைச் சாய்த்தால் மொத்தமா நழுவணும். ஒழுகினாலும் தப்பு, ஒட்டி நின்றாலும் தப்பு. ரசஞ்சாதம்தான் பெரிய வம்பு. ரசம் முந்திக்கிட்டு தொண்டைக்குப் போயிடும், பருக்கை வாயிலேயே நிற்கும், புரையேறும். சாப்பிட்டதும் குரல் ஈரமா கரகரத்தால் டாக்டரிடம் சொல்லி விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்க.

வார்டு நர்ஸ்:
6க்கும் 8க்கும் நடுவே 14 மணி நேரம் வெறும் வயிறு! இன்சுலின் போடுகிறவர்களுக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்கிடும். சமையல்காரர் வீட்டுக்குக் கிளம்பணும் என்பதற்காகத்தான் பல இடங்களில் 6 மணி. மாற்ற முடியாவிட்டால் 9 மணிக்கு ஒரு டம்ளர் பாலாவது கொடுங்க.

50 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேணும். இட்லி ஒன்றில் சுமார் 2 கிராம்தான். முட்டை ஒன்று, 200 மி.லி. பால், 30 கிராம் (ஊறவைக்கும் முன் எடை) கொண்டைக்கடலை, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 6. சிறுநீரகக் கோளாறு இருந்தா டாக்டர் சொல்கிற அளவு. மாசம் ஒருமுறை எடை பாருங்க. 60 கிலோ ஒரே மாசத்தில் 57 ஆனால் உடனே காட்டணும்.

சமையற்கட்டு:
நன்றி. ஊட்டிவிட ஒரே அம்மாதான். 20 நிமிஷத்தில் 8 பேரையும் முடிக்கிறாங்க.

வார்டு நர்ஸ்:
அதான் மிஞ்சுது. நின்றுகொண்டு ஊட்டினால் அவர்கள் அண்ணாந்துதான் வாங்கணும்; புரையேற அது ஒன்றே போதும். எதிரே ஸ்டூலில் உட்காரச் சொல்லுங்க. டீஸ்பூன் அளவு, விழுங்கியது தெரிந்த பிறகு அடுத்த வாய். நாலு நாலு பேரா இரண்டு பந்தி. கையால் சாப்பிட முடிகிறவரைத் தானே சாப்பிட விடுங்க, சிந்தினால் துடைச்சுக்கலாம். 'வாயைத் திற' வேண்டாம், 'சாப்பிடறீங்களா அப்பா'ன்னு கேட்கணும். பந்திக்கு முன்னாடி பாத்ரூம், பல்செட், கண்ணாடி. சாப்பிட்டு அரை மணி நேரம் சாய்க்காதீங்க.

உணவியல்:
ஒன்று விட்டுப்போச்சு. உப்பில்லாச் சமையலை எல்லாருக்கும் ஒரே அண்டாவில் பண்ணாதீங்க. டாக்டர் குறைக்கச் சொன்னவருக்கு மட்டும் தனியா எடுத்துட்டு, மத்தவங்களுக்கு உப்புப் போடுங்க. ராத்திரி எழுந்திருப்பாங்கன்னு தண்ணியைக் குறைக்கிறதும் வேண்டாம், மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும்தான் வரும். சாயங்காலம் 5 மணிக்குள் பெரும்பகுதியைக் குடிக்கவெச்சிடுங்க.