கொள்ளுத்தாத்தா காலத்து நிலப்பத்திரம் யாரிடமாவது இருக்கிறதா?

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிரஸ்ட் சட்டம் கற்பிக்கிறேன்; அதாவது, ஒருவர் பெயரில் இருக்கும் சொத்தை அவர் இன்னொருவருக்காகப் பொறுப்பேற்றுக் காப்பது பற்றிய சட்டம். ஓர் ஆய்வுக்காக உங்கள் பழைய தகரப் பெட்டிகளைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கேட்கவே இந்தப் பதிவு.

டிரான்ஸ்வாலில் (இன்றைய தென்னாப்பிரிக்காவின் வடபகுதி) 1885ஆம் ஆண்டின் 3ஆம் சட்டத்தால், ஒதுக்கிய இடங்களுக்கு வெளியே இந்தியர்களான நம்மவர்கள் நிலம் வாங்க முடியவில்லை. பணம் கொடுத்தவர் நம்மவர். பத்திரத்தில் பெயரோ நம்பகமான ஒரு வெள்ளைக்காரருடையது. இடையில் இருந்தது வெறும் நம்பிக்கை. என்னைப் பொறுத்தவரை இந்நாட்டு டிரஸ்ட் சட்டத்தை இங்கிருந்துதான் கற்பிக்கத் தொடங்க வேண்டும். டிரஸ்ட் சொத்து பொறுப்பாளரின் சொந்தச் சொத்தாகாது என்று 1988ஆம் ஆண்டு டிரஸ்ட் சொத்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் பாடமாகக் கேட்ட மாணவி ஒருத்தி, மறுவாரம் பாட்டி வைத்திருந்த தாளைக் கொண்டுவந்தாள். மடிப்பில் கிழிந்த தாள். ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரித் தமிழ், கீழே கைநாட்டு. வகுப்பே அதைச் சுற்றி நின்றது.

இப்படிப்பட்ட பத்திரம், கடிதம், ரசீது எதுவானாலும் படம் எடுத்து அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். பெயர்களை மறைத்தாலும் சரி. பழைய கையெழுத்தையும் தமிழ் எண்களையும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள், நானே நேரில் வருகிறேன்.