அந்தப் பிள்ளைக்கு உலகம் எப்படி இருக்கிறது? ஆஸ்பெர்கர் குழந்தைகளோடு பழகியவர்களின் அனுபவப் பகிர்வு

ஒரு அம்மா

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் நிறமாலையில் இருக்கிறான், அதாவது பழகுவதும் புலன் உணர்வும் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டு, ஆளுக்கு ஆள் வேறு அளவில் தெரியும் நிலை. சில வருடங்களுக்கு முன்னால் பரிசோதித்திருந்தால் ஆஸ்பெர்கர் என்று எழுதியிருப்பார்கள், அந்த நிறமாலையில் ஒரு வகைக்கு இருந்த பழைய பெயர் அது. பேச்சு தெளிவாக வரும், படிப்பும் நன்றாக வரும். அதனாலேயே பார்ப்பவர்கள் "இவனுக்கு என்ன குறை? செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வெளியே தெரியாத சிரமத்தை யார் நம்புவார்கள்?

நான் இங்கே வைத்தியம் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தபோது உங்களுக்கு என்ன புரிந்தது என்று எழுதுங்கள். பெற்றோர், ஆசிரியர், உறவுக்காரர், அப்படியே வளர்ந்து பெரியவர்கள் ஆனவர்கள், யாராக இருந்தாலும் சரி. முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

பொதுக் கழிப்பறைக்குள் அவன் கால் வைக்க மாட்டான். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் வாசலிலேயே நின்றுவிடுவான். காரணம், சுவரில் மாட்டியிருக்கும் கை உலர்த்தும் மெஷின். சத்தம் என்றால் பயம் போல என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வீட்டில் வாக்குவம் க்ளீனர் போடுவது அவன்தான். அதுவும் காதைப் பிளக்கும். விரும்பிக் கேட்டு வாங்கிச் செய்வான். இரண்டும் பொருந்தவில்லையே என்று ஒருநாள் அவனிடமே கேட்டேன். பதில் வரவில்லை. ராத்திரி படுக்கப் போகும்போது தானாகச் சொன்னான்: "வாக்குவம் சுவிட்ச் என் கையில இருக்கு. அந்த மெஷின் எப்பக் கத்தும்னு எனக்குத் தெரியாதே. யாரோ ஒருத்தர் கையை நீட்டினா கத்துது."

அதற்கப்புறம் ஒரு வழி பண்ணினோம். காதுக்கு மேல் மாட்டும் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, உள்ளே யார் யார் கை கழுவுகிறார்கள் என்று வாசலில் இருந்தே பார்ப்பான். "அவர் குழாயை மூடிட்டார், இப்பக் கத்தும்" என்று எனக்கு முன்னறிவிப்பு கொடுப்பான். கத்தும். அவன் தோள் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சத்தம் குறையவில்லை. எப்போது வரும் என்று தெரிந்துவிட்டது. அவனுக்கு அது போதுமாக இருக்கிறது.

வெளியூர்ப் பயணம், புது ஆசிரியர், அறையில் இடம் மாற்றிய மேசை என்று அவன் பதறும் இடங்களை எல்லாம் இப்போது இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். முன்கூட்டியே சொல்லி, முடிந்தால் படமாகவும் காட்டிவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடுகிறது.

ஒரு ஆசிரியை

உங்கள் பையன் சொன்னது அப்படியே என் வகுப்பில் நான் பார்ப்பதுதான், சகோதரி. நான் ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்கிறேன்.

அறிவியல் தேர்வில் "நிலா ஏன் தேய்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு கேள்வி. அவள் எழுதியது: "தெரியும்." முற்றுப்புள்ளியும் வைத்திருந்தாள். கூப்பிட்டுக் கேட்டதும் சூரியன், பூமி, நிலா மூன்றும் நிற்கும் கோணத்தைப் பென்சில் டப்பா, அழிப்பான், ஒரு பட்டன் இவற்றை வைத்துக் காட்டிவிட்டாள். அந்தக் கேள்விக்கு அவள் எழுதியதும் சரியான பதில்தான், நான் மதிப்பெண் போட்டேன். அதிலிருந்து கேள்வித்தாளில் "விளக்குக" என்று எழுதுகிறேன். மற்ற பிள்ளைகளுக்கும் அதுவே தெளிவாக இருக்கிறது.

அவளிடம் ஒன்று கேட்டால் உடனே பதில் வராது. ஜன்னலைப் பார்ப்பாள். கவனிக்கவில்லையோ என்று கேள்வியைத் திருப்பிக் கேட்டால், பாவம், உள்ளே ஓடிக்கொண்டிருந்தது நின்று மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்கும். வேறு வார்த்தையில் மாற்றிக் கேட்டால் இன்னும் மோசம், அது அவளுக்குப் புதுக் கேள்வி. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். அநேகமாக ஏழெட்டுக்குள் பதில் வந்துவிடும், முழு வாக்கியமாக.

பெண் குழந்தைகளைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவள் பக்கத்து மேசைச் சிறுமி சிரிக்கும்போது அரை நொடி தாமதித்து அதே மாதிரி சிரிப்பாள். தலையை அதே பக்கம் சாய்ப்பாள். பார்க்கிறவர்களுக்கு இரண்டு தோழிகள். உண்மையில் அவள் நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து நகலெடுத்துக்கொண்டிருக்கிறாள். பெண்களிடம் ஆட்டிசம் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதற்கு இது ஒரு பெரிய காரணம். இதில் செலவாகும் தெம்பை வகுப்பறையில் யாரும் பார்ப்பதில்லை, வீட்டில்தான் தெரியும். "பள்ளியில் ஒரு குறையும் இல்லையாமே, வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் விழுந்து அழுகிறாள்" என்று அவள் அம்மா சொன்னார். பள்ளியில் அடக்கி வைத்தது எல்லாம் பத்திரமான இடத்துக்கு வந்ததும் வெளியே வருகிறது. வீட்டில்தான் ஏதோ கோளாறு என்று பள்ளிகள் பெற்றோரைக் குற்றம் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு தாத்தா

என் பேரனுக்கு லிஃப்ட் என்றால் உயிர். நாள் முழுக்கப் பேசுவான். கூண்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு எடைக்கட்டு தொங்குமாம். காலிக் கூண்டின் எடையோடு, லிஃப்ட் தூக்கக்கூடிய சுமையில் கிட்டத்தட்ட பாதியையும் சேர்த்து அந்தக் கட்டை அமைப்பார்களாம். அதனால்தான் மோட்டாருக்கு வேலை குறைவாம். எனக்கு இதெல்லாம் அவன் சொல்லித்தான் தெரியும்.

நான் அறுவை சிகிச்சைக்குப் போன அன்று எல்லாரும் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். அவன் பக்கத்தில் வரவில்லை, "எப்படி இருக்கீங்க தாத்தா" என்றும் கேட்கவில்லை. கதவோரம் நின்றுகொண்டு, 1854இல் நியூயார்க்கில் எலிஷா ஓடிஸ் என்பவர் மேடை மேல் நின்றுகொண்டு கயிற்றை அறுக்கச் சொன்ன கதையை முழுக்கச் சொன்னான். கயிறு அறுந்தும் மேடை விழவில்லை, பிரேக் பிடித்துக்கொண்டது. "அதனால உங்களைக் கூட்டிட்டுப் போற லிஃப்ட்டும் விழாது" என்று முடித்தான். அங்கே இருந்த ஒருவர், "பையனுக்குப் பாசமே இல்லை போல" என்றார். எனக்கு அன்றைக்குக் கிடைத்த ஆறுதல்களில் அதைவிடப் பெரியது எது? தன்னிடம் இருப்பதிலேயே விலை உயர்ந்ததை எடுத்துக் கொடுத்தான் பிள்ளை.

ஒரு சித்தி

சுருக்கமாக எழுதுகிறேன். அக்கா மகள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது என் கணவர் யாரிடமோ போனில் "என் உயிரை வாங்காதே" என்று எரிந்து விழுந்தார். அந்தப் பிள்ளை அன்று இரவு தூங்கவே இல்லை. நடு ராத்திரியில் வந்து அவர் மூக்கருகே கை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டால், "சித்தப்பா உயிரை யாரோ வாங்க வர்றாங்களாம்" என்றாள். வயது ஏழு. அவள் பதில் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது கோபத்தில் சொல்கிற பேச்சு, யாரும் வர மாட்டார்கள் என்று அந்த நேரத்திலேயே விளக்கை போட்டு உட்கார வைத்துச் சொன்னார். சரி என்று போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். இப்படிப்பட்ட சொற்றொடர்களை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் அர்த்தமும் எழுதி வைத்திருக்கிறாள். புதிதாக ஒன்று கேட்டால் நோட்டோடு வந்து நிற்பாள்.

அப்படி வளர்ந்த ஒருவர்

முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாருடைய பதிவையும் படித்தேன். தாத்தா எழுதியதைப் படித்தபோது கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

உள்ளே இருந்து எப்படி இருக்கும் என்று சொல்லப் பார்க்கிறேன். பெரும்பாலானவர்களின் மூளை சத்தங்களை வரிசைப்படுத்திவிடுகிறது. எதிரே பேசுபவரின் குரல் முன்னால், ஃபேன் சத்தம் பின்னால். எனக்கு அந்த வரிசை கிடையாது. டியூப்லைட்டின் ரீங்காரம், கடைசி பெஞ்சில் ஒருவன் மூக்கை உறிஞ்சுவது, நாற்காலிக் கால் தரையில் உரசுவது, ஆசிரியரின் குரல், எல்லாம் ஒரே அளவில் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அதில் ஆசிரியரின் குரலை மட்டும் பிரித்தெடுப்பது ஒரு வேலை, அதைக் காலை முதல் மாலை வரை செய்ய வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசு என்பார்கள். கண்ணைப் பார்த்தால் எனக்குக் கண் மட்டும்தான் கிடைக்கும், பேச்சு போய்விடும். பேச்சு வேண்டும் என்பதற்காகத்தான் வேறெங்கோ பார்க்கிறேன்.

சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் லேபிள் ஐந்தாவது பாடவேளையிலும் முதல் நிமிடத்தில் உறுத்திய அதே அளவு உறுத்தும், பழகாது. யாராவது லேசாகத் தொட்டால் எரிச்சல், இறுக்கிப் பிடித்தால் நிம்மதி. பசி எனக்குப் பசியாகத் தெரியாது, தலைவலியாகத்தான் தெரியும். இதெல்லாம் எனக்கு. வேறொரு பிள்ளைக்கு நேர் எதிராக இருக்கலாம்: சத்தத்தைத் தேடிப் போகும், அடிபட்டாலும் வலி சொல்லாது. ஒருவரைப் பார்த்து எல்லாரையும் அளக்காதீர்கள். புலன் உணர்வு கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பதை டிஎஸ்எம்-4 (மனநல மருத்துவர்கள் நோயறிய வைத்திருக்கும் அமெரிக்கக் கையேட்டின் நான்காம் பதிப்பு) அளவுகோல்களில் சேர்க்கவில்லை. 2013இல் வந்த டிஎஸ்எம்-5இல்தான் சேர்த்தார்கள். என் பள்ளிக் காலம் முழுக்க அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

அப்புறம் மெல்ட்டவுன், தாங்க முடியாத அளவு சேர்ந்து கட்டுப்பாடு உடைந்துபோவது. இதையும் அடத்தையும் தயவுசெய்து ஒன்றாகப் போடாதீர்கள். அடம் பிடிக்கும் குழந்தை யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். மெல்ட்டவுனில் இருக்கும் குழந்தைக்குப் பார்வையாளர்கள் வேண்டாம், கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, ஏனென்றால் நிறுத்துவது அதன் கையில் இல்லை. எனக்கு அந்த நேரத்தில் வார்த்தைகள் போய்விடும். "என்ன ஆச்சு, சொல்லு, சொல்லு" என்று கேட்பவர்களின் வாய் அசைவது மட்டும் தெரியும். எங்கள் பாட்டி எந்தப் புத்தகமும் படித்ததில்லை. விளக்கை அணைத்துவிட்டு, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, வாசற்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். பேச மாட்டார். அதைவிடச் சரியான உதவி எனக்கு அதற்குப் பிறகும் யாரிடமும் கிடைத்ததில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹான்ஸ் ஆஸ்பெர்கர் வியன்னாவில் குழந்தை மருத்துவர். 1944இல் நான்கு சிறுவர்களைப் பற்றி எழுதினார். 1981இல் லோர்னா விங் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் அவர் பெயரை எடுத்து ஆங்கில உலகத்துக்குத் தெரியவைத்தார். 1994இல் டிஎஸ்எம்-4இல் தனிப் பெயராக ஏறியது, 2013இல் ஆட்டிசம் நிறமாலைக்குள் சேர்த்துவிட்டார்கள். நாஜி ஆட்சியில் குழந்தைகள் கொல்லப்பட்ட ஆம் ஸ்பீகெல்கிரண்ட் நிலையத்துக்கு ஆஸ்பெர்கர் பிள்ளைகளை அனுப்பினார் என்பதை 2018இல் வெளியான ஆவண ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகு நான் என்னை அந்தப் பெயரால் சொல்லிக்கொள்வதில்லை, ஆட்டிசம் என்றே சொல்கிறேன். பழகிய பெயரை விட மனமில்லாதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் விருப்பம்.

"இவர்களுக்கு அடுத்தவர் மனசு புரியாது" என்பதுதான் எங்களைப் பற்றிச் சொல்வதிலேயே அதிகம் காயப்படுத்துவது. டேமியன் மில்டன், தானே ஆட்டிச நிலையில் உள்ள ஆய்வாளர், 2012இல் இதைத் திருப்பிப் போட்டார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒரு பக்கத்தை மட்டும் நோய் என்கிறீர்கள் என்றார். கதவோரம் நின்று லிஃப்ட் கதை சொன்ன பிள்ளைக்குத் தாத்தாவின் பயம் புரிந்திருந்தது. பாசம் இல்லை என்று சொன்னவருக்குத்தான் பிள்ளை புரியவில்லை.

அதே அம்மா

உங்கள் பாட்டியைப் பற்றி எழுதியதை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன், தம்பி. ஒன்று கேட்க வேண்டும். என் மகனுக்கு இன்னும் அவனுக்கு இருப்பது என்ன என்று பெயர் சொல்லவில்லை. "நான் ஏன் மத்தவங்க மாதிரி இல்ல" என்று இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறான். சொல்லலாமா?

அப்படி வளர்ந்த ஒருவர்

சொல்லுங்கள் அக்கா, தள்ளிப் போடாதீர்கள். இந்தப் பெயர் கிடைக்கும் வரை எனக்கு வேறு பெயர்கள் இருந்தன: திமிர், அலட்சியம், சோம்பேறி. பிள்ளை தனக்குத்தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ளாமல் இருக்காது. நீங்கள் கொடுப்பது கண்டிப்பாக அதைவிட நல்லதாக இருக்கும்.

மெல்ட்டவுன் முடிந்த கையோடு மட்டும் வேண்டாம், தான் செய்த தப்புக்குப் பெயர் அது என்று நினைத்துவிடுவான். அவனுக்குப் பிடித்த எதையாவது செய்துகொண்டிருக்கும் சாதாரண நாளில் சொல்லுங்கள். வாக்குவம் க்ளீனர் போட்டு முடித்த பிறகு என்றால்கூடச் சரி. முகத்துக்கு நேராக உட்கார வைக்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு மூன்று வாக்கியம் போதும், மீதியை எழுதிக் கொடுத்துவிடுங்கள், தனியாக எடுத்துப் படித்துக்கொள்வான். அவன் வயதில் நானாக இருந்தால் எந்த மரபணு என்று கேட்டிருப்பேன். ஒரே ஒரு மரபணு கிடையாது, நிறைய மரபணுக்கள் சேர்ந்து வருவது என்று சொல்லுங்கள். தடுப்பூசியால் வருவதில்லை என்பதையும் அப்போதே சொல்லி வையுங்கள், பள்ளியில் யாராவது ஒருவர் அவனிடம் அதைச் சொல்லத்தான் போகிறார்.