அரணை மாதிரி இருந்தது, அரணை இல்லை. முட்டையோடு இருந்த தாயைக் கலைச்சுட்டேனா?

பள்ளத்தூர் ஆயா:
மகள் வீடு அமெரிக்காவில், பென்சில்வேனியாவில். கொல்லையைத் தாண்டினா காடுதான். ஆனிக் கடைசியில், மழை விட்ட ஒரு காலை நேரம், 6 வயசுப் பேரன் இழுத்துக்கிட்டுப் போய், மக்கிக் கிடந்த ஓக் கட்டையைக் காட்டி "ஆயா, இதைப் பிரி"ன்னான். கை வச்சதும் ஒரு பக்கம் புட்டு மாதிரி உதிர்ந்துடுச்சு. உள்ளே ஒரு பொந்து. அதில் விரல் நீளத்துக்கு ஒன்று சுருண்டு கிடந்துச்சு.

அரணைன்னு நினைச்சு அலறிப் பிள்ளையைப் பின்னால இழுத்தேன். நம்ம பக்கம் அரணை நக்கினாலே மரணம்னு சொல்லித்தானே வளர்த்தாங்க. உத்துப் பார்த்தா செதிலே இல்லை. தவளைத் தோல் மாதிரி ஈரமா மினுங்குது. முதுகில் தலையிலேர்ந்து வால்வரைக்கும் நம்ம செம்மண் நிறத்தில் ஒரு பட்டை. வயிறு உப்பும் மிளகும் தூவினாப்பில. பொந்தோட மேல்பக்கத்திலேர்ந்து வெந்த ஜவ்வரிசி மாதிரி 7 முட்டை கொத்தாத் தொங்குச்சு. அதைச் சுத்தி உடம்பை வளைச்சுக்கிட்டு, அது எங்களைப் பார்த்து ஓடவே இல்லை. அதுதான் என் மனசை என்னமோ செஞ்சுடுச்சு.

உதிர்ந்த தூளையும் பட்டையையும் முடிஞ்சவரை பழையபடி மூடிட்டு வந்தோம். மறுவாரம் நான் ஊருக்கு வந்துட்டேன். "ஆயா, அந்த அம்மா இன்னும் அங்கே இருக்கா?"ன்னு தினம் போனில் கேக்குறான். அது என்ன உயிர்? நான் கை வச்சதால விட்டுட்டுப் போயிருக்குமா?

ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார், காரைக்குடி:
ஆச்சி, நீங்க சொல்ற அடையாளத்தை வச்சுப் பார்த்தா அது செம்முதுகு சாலமாண்டர். தவளைக்குச் சொந்தம், அரணைக்கு இல்லை. (நம்ம அரணைக்கும் விஷம் கிடையாது. பாவம், வீணாப் பழி சுமக்குது.) எங்க ஆய்வகத்தில் பாட்டிலில் ஊறப்போட்ட சாலமாண்டரைத்தான் 30 வருஷம் காட்டிப் பாடம் நடத்தினேன். நீங்க உயிரோடு, அதுவும் முட்டையோடு பார்த்திருக்கீங்க!

அதுக்கு நுரையீரலே கிடையாது. தோலாலும் வாயின் உள்பக்கத்தாலும்தான் சுவாசம். தோல் காய்ஞ்சா மூச்சு நின்னுடும். அதனாலதான் பகலில் கட்டைக்கும் சருகுக்கும் அடியில் கிடந்து, ராத்திரி, அதிலும் மழை ராத்திரியில் வெளியே வரும். செடிமேல்கூட ஏறும். இரை எல்லாம் எறும்பு, சின்னப் பூச்சி, உண்ணி வகை. பனிக்காலத்தில் உறைபனி எட்டாத ஆழத்துக்கு மண்ணுக்குள் இறங்கிடும்.

தவளை மாதிரி தண்ணியில் முட்டையிடாது. தலைப்பிரட்டைப் பருவமும் வெளியில் கிடையாது, எல்லாம் முட்டைக்குள்ளேயே முடிஞ்சு, 2 செ.மீ. நீளத்தில் அம்மாவின் அச்சாவே பொரியும். அதுக்கு 6 முதல் 8 வாரம் ஆகலாம். அதுவரை முட்டை காயாம, பூஞ்சை பிடிக்காம தாய் காத்துக் கிடக்கும். பெரிசா இரையும் எடுக்காது. பக்கத்தில் எது வந்தாலும் கடிச்சு விரட்டும்.

உங்க கேள்விக்கு வர்றேன். கொஞ்ச தூரம் எடுத்து விட்டாலும் தன் முட்டையைத் தேடித் திரும்புற உயிர் அது. உங்க முன்னாடி ஓடாம இருந்ததால, ஒருமுறை திறந்ததுக்காகப் போயிருக்காதுன்னுதான் நம்புறேன். ஆனா திரும்பத் திரும்பத் திறந்தா விட்டுட்டுப் போறதும் உண்டு, தன் முட்டையைத் தானே தின்னுடுறதும் உண்டு. பேரன்கிட்டே இதைக் கண்டிப்பாச் சொல்லுங்க.

சின்ன உயிர்னு நினைக்க வேண்டாம். நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் காட்டில் கணக்கெடுத்து 1975-ல் எழுதினாங்க: அங்கே உள்ள சாலமாண்டர்களின் மொத்த எடை, இனப்பெருக்கக் காலத்துப் பறவைகளின் எடையைப்போலச் சுமார் இரண்டு மடங்கு. நம்ம தமிழ்நாட்டில் சாலமாண்டர் இல்லை. இந்தியாவில் பார்க்கணும்னா டார்ஜிலிங் மாதிரி மலைப்பக்கம் போகணும்.

தேவகோட்டை டு வர்ஜீனியா:
எங்க வீட்டுப் பின்னாடியும் இருக்கு அம்மா. கையில் சன்ஸ்கிரீன், கொசு மருந்து இருந்தா தொடவே விடாதீங்க, அந்தத் தோல் எல்லாத்தையும் உறிஞ்சிடும். வேற கட்டையைப் புரட்டினாலும் முதலில் கட்டையை மெதுவா வச்சுட்டு, உயிரை ஓரத்தில் விடணும், அதுவே உள்ளே போயிடும். கட்டையை அதுமேல இறக்கினா நசுங்கிடும். பார்க்க ஆசைன்னா மழை ராத்திரியில் டார்ச்சோட போகச் சொல்லுங்க.

பள்ளத்தூர் ஆயா:
சார், தம்பி, ரெண்டு பேருக்கும் நன்றி. நீங்க எழுதினதை அப்படியே போனில் படிச்சேன். "முட்டையைத் தின்னுடுமா?"ன்னு அழுதுட்டான். இப்போ கட்டையைச் சுத்திக் கல் அடுக்கி, யாரையும் கிட்டே விடுறதில்லையாம்.

நேத்து அங்கே நல்ல மழை. மகள் டார்ச் பிடிக்க, மூணு எண்ணியிருக்கான். ஒன்று பெரணி இலை மேலயே உட்கார்ந்திருந்துச்சாம், அதுக்கு வால் பாதிதான் இருந்ததாம். கல் வச்சதில் நான்தான் நசுக்கிட்டேனோன்னு அவனுக்கு இப்போ புதுக் கவலை. வால் வளருமா சார்?

ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார், காரைக்குடி:
வளரும் ஆச்சி. பாம்போ பறவையோ பிடிச்சா பல்லி மாதிரியே வாலை விட்டுட்டுத் தப்பிக்கும். ஆனா கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது வாலில்தான், அதனால நல்லாத் தின்னு தேத்திக்கணும். மழை ராத்திரியில் இலை மேல உட்கார்ந்திருந்ததும் இரைக்காகத்தான் இருக்கும்.