இறந்தவரைக் காதலிக்கும் கதைகள்: உங்களுக்குக் கிடைத்த புத்தகம் எது?

திருச்சியிலிருந்து

அமானுஷ்யமும் ஆண்-ஆண் காதலும் சேர்ந்த கதைகளை இங்கே எத்தனை பேர் படிக்கிறீர்கள் என்று தெரியவில்லை. ஒரு வருடம் முன்புவரை நான் படித்ததில்லை. பேய்க்கதை என்றாலே ராத்திரி தூக்கம் போய்விடும் என்று ஒதுங்கிக்கொள்கிறவன் நான். இந்த மாதிரிக் கதைகளைத் தேடித் தேடிப் படித்தது என் கூட இருந்தவன். ஏழு வருடம் கூட இருந்தான். போன ஆனி மாதம் மாரடைப்பில் போய்விட்டான். வயது 38.

அவன் வீட்டுக்கு நான் 'கூட வேலை பார்க்கிற ஃப்ரெண்டு'. கேதத்துக்குப் போனேன். பந்தலில் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். கொள்ளி வைத்தது அவன் தம்பி. பதினாறாம் நாள் காரியத்தன்று பரிமாற ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள், சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு போனேன். கிளம்பும்போது அவன் தங்கை ஒரு கிண்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணன் எப்பப் பார்த்தாலும் இதையே வெச்சிட்டிருக்கும். இங்க யாரும் இங்கிலீஷ் புக் படிக்க மாட்டோம். நீங்களே வெச்சுக்கோங்கண்ணா" என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

கிண்டிலைத் திறந்தால் டி.ஜே. க்ளூன் எழுதிய 'அண்டர் தி விஸ்பரிங் டோர்' நின்றது. 2021இல் வந்த நாவல். அவன் 61 சதவீதம் வரை வந்திருந்தான். முதலிலிருந்து படிக்கலாம் என்று ஆரம்பித்தேன். வாலஸ் என்ற வக்கீல், யாரிடமும் ஒட்டாத கறாரான மனிதன், தொடக்கத்திலேயே மாரடைப்பில் செத்துப்போகிறான். மூடி வைத்துவிட்டேன். இரண்டு மாதம் அதைத் தொடவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுத்தேன். வாலஸின் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதை அவனே நின்று பார்க்கிறான். பிறகு மே என்ற பெண் அவனை ஒரு டீக்கடைக்கு அழைத்துப் போகிறாள். அந்தக் கடையை நடத்தும் ஹியூகோதான் இறந்தவர்களை அந்தப் பக்கம் அனுப்பிவைக்கும் ஓடக்காரர். நமக்கு இது புரியாத விஷயமில்லை. செத்தவர்கள் வைதரணி ஆற்றைக் கடக்கப் பசுவின் வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இங்கே பசுவுக்குப் பதில் டீ. வருகிற ஒவ்வொருவருக்கும் எந்தத் தேயிலை பொருந்தும் என்று ஹியூகோ யோசித்துப் போட்டுக் கொடுக்கிறார்.

ஹியூகோ உயிரோடு இருக்கிறவர், வாலஸ் இல்லாதவன். அதனால் இரண்டு பேரும் தொட்டுக்கொள்ளவே முடியாது. ஒரே அறையில் நிற்கிறார்கள், பேசுகிறார்கள், காதல் வளர்கிறது, நடுவில் அந்த இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆசுபத்திரியில் கடைசி இரண்டு நாளும் என் கூட இருந்தவனின் கட்டிலைச் சுற்றி வீட்டார் நின்றார்கள். அவன் கையைப் பிடிக்க எனக்கு ஒரு வழி இருக்கவில்லை. க்ளூனும் தன் துணையை இழந்தவர்தான். புத்தகத்தை எரிக் என்று அவர் பெயர் சொல்லியே சமர்ப்பித்திருக்கிறார். அந்த இடைவெளியைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களில் ஒரு இடத்தில்கூட எனக்குப் பொய் தட்டவில்லை.

61 சதவீதத்துக்கு வந்து நின்றுவிட்டேன். அதற்கு மேல் அவன் படிக்காத பக்கங்கள். தாண்டிப் போக மனம் வரவில்லை.

உங்களுக்கு இப்படி ஏதாவது புத்தகம் உண்டா? எழுதுங்கள்.

கோவையிலிருந்து

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். என் புத்தகம் கொஞ்சம் சந்தோஷமானது. பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

எய்டன் தாமஸ் எழுதிய 'செமட்ரி பாய்ஸ்', 2020. ஹாஸ்டலில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு இரண்டே ராத்திரியில் படித்தேன். கதை கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கிறது. யாட்ரியேல் ஒரு திருநம்பி, வயது பதினாறு. அவன் குடும்பமே ஆவிகளோடு பழகும் குடும்பம், கல்லறைத் தோட்டத்திலேயே வீடு. ஆண்கள் ஆவிகளை வழியனுப்புவார்கள், பெண்கள் நோய் தீர்ப்பார்கள். யாட்ரியேலை ஆணாக ஏற்றுச் சடங்கு செய்துவைக்க வீட்டில் யாரும் தயாராக இல்லை. அதனால் அவனே தன் உறவுக்காரப் பெண் மரீட்ஸாவைக் கூட்டிக்கொண்டு ரகசியமாகச் சடங்கைச் செய்துவிடுகிறான். அது பலித்தும் விடுகிறது! எந்தப் பெரியவரின் அனுமதியும் இல்லாமல் தெய்வம் அவனை ஆண் என்று ஒத்துக்கொள்கிறது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். புத்தகம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வரும் காட்சி இது.

இறந்துபோன தன் உறவுக்காரப் பையனைத்தான் அவன் அழைக்க நினைக்கிறான். வந்து நிற்பது அதே பள்ளியில் படித்த ஜூலியன். சண்டைக்காரன், வாய் ஓயாதவன். என் நண்பர்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று தெரியாமல் எங்கேயும் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறான். இறந்தவர்களின் நாள் நெருங்குகிறது. மெக்சிகோ மக்கள் நவம்பர் முதல் இரண்டு நாள் இறந்தவர்களை வீட்டுக்கு வரவேற்பார்கள். படைப்பதற்குக் குவிக்கும் பூ எது தெரியுமா? நம் செண்டுமல்லி. பாட்டி வீட்டில் அமாவாசைப் படையல் போடும்போது இப்போதெல்லாம் எனக்கு யாட்ரியேல் ஞாபகம் வருகிறான்.

மரீட்ஸாவைப் பற்றி ஒரு வார்த்தை: நோய் தீர்க்க மிருக ரத்தம் வேண்டும், அவளோ மிருகப் பொருள் எதையும் தொடாத வீகன். அதனால் தன் சக்தியையே பயன்படுத்தாமல் இருக்கிறாள். எவ்வளவு பிடிவாதமான நல்ல பெண்! கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவள்தான்.

சென்னையிலிருந்து

நான் உங்கள் எல்லோரையும்விட மூத்தவன். 90களின் நடுவில் லஸ் முனை நடைபாதைக் கடையில் ஆன் ரைஸின் 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' அட்டை கிழிந்த பிரதி ஒன்று கிடைத்தது. 1976இல் வந்த புத்தகம். நியூ ஆர்லியன்ஸ் பக்கம் தோட்டம் வைத்திருந்த லூயி, அவனை ரத்தக்காட்டேரியாக்கிய லெஸ்டாட். ஆணும் ஆணும் ஒரே வீட்டில் பல வருடம் குடித்தனம் நடத்துவதை நான் அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. காதல் என்ற சொல்லைச் சொல்லாமலேயே நடத்துகிறார்கள். 2022இல் வந்த தொலைக்காட்சித் தொடர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

ஆனாலும் இதைக் காதல் கதைப் பட்டியலில் சேர்க்கும்போது எனக்கு நெருடுகிறது. லூயி விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக லெஸ்டாட் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றையும் காட்டேரியாக்குகிறான். அது வளரவே முடியாத குழந்தை. ஆன் ரைஸின் மகள் ரத்தப் புற்றுநோயில் ஆறு வயது நிறையும் முன்பே இறந்தவள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் குழந்தை வரும் பக்கங்களை நான் மெதுவாகத்தான் படிக்கிறேன். லெஸ்டாட் பிடித்துவைப்பதற்குப் பெயர் அன்பு இல்லை. இருபத்தைந்து வயதில் எனக்கு அது அன்பாகத் தெரிந்தது. அப்படிப் பிடித்துவைக்கத் தெரிந்த ஒருவரோடு நான்கு வருடம் இருந்த பிறகு வித்தியாசம் புரிந்தது.

மதுரையிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். இந்தக் கதைகள் என்னிடம் வந்தது மகள் வழியாக. அவள் 'தி அன்டேம்ட்' என்ற சீனத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 2019இல் வந்தது, 50 பகுதி. கூடவே உட்கார்ந்து பார்த்தேன். பிறகு மூல நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வாங்கச் சொன்னேன். மோ சியாங் தோங் சியூ என்ற புனைபெயரில் ஒருவர் இணையத்தில் எழுதிய 'மோ தாவ் சூ ஷி'.

வெய் வூசியான் தடை செய்யப்பட்ட மாந்திரீகத்தில் இறங்கி, ஊரே பகையாகி, இறந்துபோகிறான். பதின்மூன்று வருடம் கழித்து வேறொருவனின் உடம்பில் எழுகிறான். முகம் வேறு, குரல் வேறு. ஒரு மலையில் ஆபத்து வரும்போது மூங்கிலை வெட்டி அவசரத்துக்கு ஒரு புல்லாங்குழல் செய்து ஊதுகிறான். கட்டுக்கு அடங்காத ஓர் உருவத்தைச் சாந்தப்படுத்த ஏதோ ஒரு மெட்டு வேண்டும். நினைவுக்கு வந்ததை ஊதியபடியே பின்னால் நகர்கிறான். யார் மீதோ மோதுகிறான். அந்த ஆள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான். அது லான் வாங்ஜி, கதையின் இன்னொரு நாயகன். அந்த மெட்டு லான் வாங்ஜியே அமைத்தது. வெகுகாலத்துக்கு முன்பு ஒரு குகையில் காய்ச்சலில் கிடந்த வெய் வூசியானுக்கு மட்டும் பாடிக் காட்டியது. வேறு யாரும் கேட்டதே இல்லை. ஊதியவனுக்கோ அது எங்கே கேட்ட பாட்டு என்றுகூட ஞாபகம் இல்லை.

நாவலில் இது காதல், மூடாக்கு இல்லை. தொடரில் காட்ட அங்கே அனுமதி கிடையாது, அதனால் 'உள்ளம் அறிந்த தோழன்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். "அம்மா, இவங்களை ஃப்ரெண்ட்ஸ்னு எப்படிம்மா சொல்றது?" என்று மகள் கோபப்பட்டாள். எனக்கு அப்போது கோப்பெருஞ்சோழன் நினைவு வந்தது.

சோழன் வடக்கிருந்து உயிர் விட முடிவு செய்கிறான். அவன் நண்பரான புலவர் பொத்தியார் தானும் உடன் இருக்க வருகிறார். உனக்கு மகன் பிறந்த பிறகு வா என்று அரசன் திருப்பி அனுப்புகிறான். மகன் பிறந்ததும் திரும்பி வருகிறார். அதற்குள் அரசன் நடுகல்லாகிவிட்டான். அந்தக் கல்லைப் பார்த்து, அன்பில்லாதவனே, எனக்குரிய இடம் எது என்று கேட்கிறார். புறநானூறு 222. அடுத்த பாட்டில் கல்லாகி நின்றவன் இடம் கொடுத்துவிடுகிறான். எத்தனையோ வருடம் இதை வகுப்பில் நட்பு என்றே நடத்தியிருக்கிறேன். இன்றும் நட்பு என்றுதான் சொல்வேன், பாட்டில் இல்லாததை ஏற்றிச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் பின்வரிசையில் இருக்கும் ஏதோ ஒரு பிள்ளைக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பிள்ளையைப் பார்த்து ஒரு நிமிடம் கூடுதலாக நின்றிருக்கலாம்.

திருச்சித் தம்பி, உங்கள் பதிவில் கடைசி வரிசை நாற்காலி என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் பொத்தியாரின் கேள்விதான் காதில் விழுந்தது. ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். அந்தத் தங்கையிடம் பேசினீர்களா?

இன்னொருவர், சென்னையிலிருந்து

நான் பெண்களைக் காதலிக்கிற பெண், அதனால் என் புத்தகம் 'கார்மில்லா'. ஷெரிடன் லெ ஃபானு எழுதியது, 1872இல் நூலாக வந்தது. டிராகுலாவுக்கு 25 வருடம் மூத்தவள் இந்த ரத்தக்காட்டேரி. ஆஸ்திரியாவில் ஸ்டீரியா என்ற பகுதி, காட்டு நடுவே ஒரு கோட்டை, அதில் தனியாக வளரும் லாரா. வண்டி கவிழ்ந்து வந்து சேர்கிறாள் கார்மில்லா. கடைசியில் ஆண்கள் கூடிக் கல்லறையைத் திறந்து, நெஞ்சில் கூரிய முளை அடித்து, தலையை வெட்டி, எரித்துச் சாம்பலை ஆற்றில் விடுகிறார்கள். அந்தக் காலத்தில் வேறு எப்படி முடிப்பார்கள்?

ஆனால் வருடங்கள் கழித்தும் லாராவுக்குக் கூடத்து வாசலில் கார்மில்லாவின் காலடிச் சத்தம் கேட்பது போலிருக்கும். கதை அங்கேதான் நிற்கிறது. லெ ஃபானு பயமுறுத்தத்தான் எழுதியிருப்பார். எனக்கு அது பயமாகவே இல்லை. லாரா அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள் என்றுதான் படிக்கிறேன்.

மறுபடி திருச்சியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. சென்னை அண்ணா சொன்ன வித்தியாசத்தை நானும் யோசித்துப் பார்த்தேன். என் கூட இருந்தவன் பிடித்துவைக்கிறவன் இல்லை, கதவைத் திறந்தே வைத்திருப்பான். கோவைத் தம்பி, 'செமட்ரி பாய்ஸ்' அவன் கிண்டிலிலேயே இருக்கிறது. படித்து முடித்த நூல்களின் வரிசையில்.

2023 அக்டோபரில் தன்பால் திருமணத்தை அங்கீகரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று, "பேப்பர் இல்லாட்டி என்னடா, நீ வந்து நிக்க மாட்டியா?" என்று கேட்டான். வந்து நின்றேன், எங்கே நின்றேன் என்றுதான் மேலே எழுதியிருக்கிறேன்.

டீச்சர், நீங்கள் கேட்டதற்குப் பிறகு இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் தங்கைக்குப் போன் செய்தேன். இந்த ஆனியில் முதல் வருடத் திதி வருகிறது. வரட்டுமா, பரிமாற ஆள் தேவைப்படுமே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பரிமாற ஆள் சொல்லியாச்சுண்ணா. அண்ணனுக்குப் படைக்கறப்போ நீங்க எங்ககூட முன்னாடி உட்காரணும். அந்தப் புக் என்ன கதைன்னு அம்மா கேட்டுச்சு, வந்து சொல்லுங்க."

அன்று ராத்திரி 61ஐத் தாண்டினேன். இப்போது 74. திதிக்குள் முடித்துவிடுவேன்.