மறுமொழி: பயோசர்ஃபாக்டன்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

அண்ணனுக்கு வணக்கம்.

பயோசர்ஃபாக்டன்ட் என்றால் உயிரிகள் தரும், சோப்பைப்போல எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கும் பொருள். அதற்குத் தமிழில் ‘உயிரிப் பரப்பி’ என்று எழுதியிருந்தீர்கள். சின்னச் சொல், வாயில் நிற்கிறது. ஆனால் கொசுவை ‘நோய்ப்பரப்பி’ என்று எழுதி எழுதிச் சுகாதாரத் துறைக்காரர்கள் ‘பரப்பி’யைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காரைக்குடிப் பலகாரக் கடையில் போய், “நீங்கள் பொரித்து மிஞ்சிய எண்ணெயில் உயிரிப் பரப்பி தயாரிக்கப் போகிறோம்” என்றால் கடைக்காரர் நகராட்சிக்குப் போன் போட்டுவிடுவார்.

இன்னொருவர் ‘உயிரி நுரைப்பி’ என்றார். அதுவும் சரிவராது. ஈஸ்ட் தரும் பயோசர்ஃபாக்டன்டான சோபோரோலிப்பிட் அவ்வளவாக நுரைக்காது. சில தொழில்களில் அதை விரும்புவதே அதனால்தான். ‘அழுக்கு நீக்கி’ என்றால் சோப்போடு நின்றுவிடும். எண்ணெயையும் தண்ணீரையும் கலந்து நிறுத்தும் வேலை, அழகுசாதனக் களிம்பு எல்லாம் வெளியே போய்விடும்.

அது செய்கிற காரியத்தைப் பார்த்தே பெயர் வைப்போமே. தண்ணீரின் பரப்பு இழுவிசை, அதாவது மேற்பரப்பு தன்னைச் சுருக்கிப் பிடிக்கும் விசை, அறை வெப்பநிலையில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோபோரோலிப்பிட் கொஞ்சம் சேர்த்தால் 35 வாக்கில் இறங்கிவிடுகிறது. விறைப்பாக நின்ற பரப்பு தளர்கிறது. ஆகவே ‘பரப்புத்தளர்த்தி’, உயிரிகள் தருவது ‘உயிரிப் பரப்புத்தளர்த்தி’. ‘பரப்பிளக்கி’யும் யோசித்தேன். மலமிளக்கிதான் நினைவுக்கு வருகிறது, விட்டுவிட்டேன்.

ஈஸ்டுக்கு ‘நொதி’ வேண்டாம். அதை என்சைமுக்குக் கொடுத்தாயிற்று. பேக்கரிக்காரர் சொல்கிற ஈஸ்டே இருக்கட்டும்.

இனி, அது உருவாகும் விதம். ஸ்டார்மெரெல்லா பாம்பிகோலா என்ற ஈஸ்ட், முதலில் பம்பிள் தேனீயின் தேனிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இதற்குச் சர்க்கரையும் வேண்டும், எண்ணெயும் வேண்டும். சர்க்கரைக்குச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு (மொலாசஸ்) போதும். எண்ணெய்க்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை: தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை என்று வேகவேக, சட்டியில் மிஞ்சுவது கருத்து, விரலில் ஒட்டுகிற பதத்துக்கு வந்துவிடும். எண்ணெய் காயக் காயச் சிதைந்து சேரும் ‘மொத்த முனைவுச் சேர்மங்கள்’ 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் மறுபடி சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் விதி.

ஈஸ்ட் வளரும் கரைசலில் நைட்ரஜன் தீர்ந்ததும் ஈஸ்ட் பெருகுவதை நிறுத்திவிட்டு, மிச்சச் சர்க்கரையை எண்ணெயின் கொழுப்பு அமிலத்தோடு கோத்து, சோபோரோலிப்பிட்டாக வெளியே தள்ளுகிறது. இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த சோபோரோஸ் தண்ணீரைப் பிடிக்கும் தலை; கொழுப்பு அமிலம் எண்ணெயைப் பிடிக்கும் வால். குலுக்குவதை நிறுத்தினால் பெரும்பாலும் குடுவையின் அடியில் பழுப்புப் பாகாகத் தங்கும். நல்ல எண்ணெயும் குளுக்கோஸும் கொடுத்தால் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேலேயே எடுத்திருக்கிறார்கள். பொரித்த எண்ணெயில் அதே விளைச்சலை எதிர்பார்க்கக் கூடாது. வடிகட்ட வேண்டும், மிஞ்சும் எண்ணெயை ஹெக்சேன் என்ற கரைப்பானில் கழுவி எடுக்க வேண்டும். செலவு முழுக்க அந்தக் கழுவலில்தான் போகும் என்பது என் கணிப்பு.

ராம்னோலிப்பிட் என்ற இன்னொரு பயோசர்ஃபாக்டன்டைத் தரும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா நோய்க்கிருமியும்கூட. உணவுப் பக்கம் போகிறவர்கள் ஈஸ்டை நாடுவதற்கு அது ஒரு காரணம்.

சொல்லில் மாற்றம் இருந்தால் தெரிவியுங்கள்.

———

தம்பிக்கு,

பரப்புத்தளர்த்தி எனக்குச் சம்மதம். ‘உயிரி’ என்று பொதுவாக வைத்ததும் நல்லதே. பூவந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் இருக்கும் சாப்போனினும் இதே வேலையைத்தான் செய்கிறது; ‘நுண்ணுயிர்’ என்று போட்டிருந்தால் அவை இரண்டும் வெளியே நிற்கும்.

ஒரே ஒரு யோசனை. அடுத்த வரைவில் ‘கழிவு எண்ணெய்’ என்று எழுத வேண்டாம். கடைக்காரர்கள் அதைக் காசுக்கு விற்கிறார்கள், கழிவு என்றால் முகம் சுளிப்பார்கள். ‘பொரித்த எண்ணெய்’ என்றே போடுங்கள். கழிவுப்பாகு ஆலைக்காரர் வைத்த பெயர், அது அப்படியே இருக்கட்டும்.