புதுப்பிப்பு: திராட்டில் கூட்டினால் அணைந்த பழைய ஜெட் ஸ்கீ சரியாகிவிட்டது

உவரியில் வாங்கிப் பாளையங்கோட்டை வீட்டு முற்றத்தில் சீரமைத்துவரும் இரட்டைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீ (நீரில் ஓட்டும் ஸ்கூட்டர் போன்ற வண்டி), ஐட்லில், அதாவது வேகம் கூட்டாத நிலையில், ஓடினாலும் திராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) கூட்டியதும் அணைந்துவிடுவதைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வண்டி இப்போது கடலில் முழு வேகத்தில் ஓடுகிறது.

ஸ்பார்க் பிளக்குகளை மாற்றியும் பயனில்லை. கம்ப்ரஷன் (பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) இரு சிலிண்டர்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பழைய பெட்ரோல் குழாயை வெட்டிப் பார்க்கச் சொன்ன தூத்துக்குடி அண்ணாச்சியின் யோசனையே பலித்தது: குழாயின் உட்சுவர் கரைந்து, பச்சைப் பசையாகி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறு வடிகட்டியை அடைத்திருந்தது. அதனால் ஐட்லுக்குப் போதுமான பெட்ரோல் வந்தாலும், திராட்டிலைக் கூட்டினால் போதவில்லை. குழாயை மட்டும் மாற்றினால் போதாது. கார்புரேட்டரைப் பிரித்து, அந்த வடிகட்டியைக் கழுவி, அதிலுள்ள டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வையும் புதிதாகப் போட வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் குழாயையே கேட்டு வாங்குங்கள்.

எதிர்பாராதது ஒன்று: ஆயில் பம்பிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் மெல்லிய குழாயும் விறைத்து விரிசல் விட்டிருந்தது. அது கழன்றிருந்தால் எண்ணெய் கிடைக்காமல் பிஸ்டனே இறுகியிருக்கும். ஆகவே அதையும் சேர்த்தே பாருங்கள்.

வீட்டில் எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் இணைத்துச் சோதிப்போர், எஞ்சினை இயக்கிய பிறகே தண்ணீரைத் திறந்து, எஞ்சினை நிறுத்துமுன் அதை மூடிவிட வேண்டும். இல்லையேல் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்துவிடும்.