சம்பங்கிக் குத்து நெருங்கிவிட்டது: இப்போதே பிரித்து நடலாமா?

வணக்கம். எங்கள் வீட்டுச் சுவரோரம் இருக்கும் நிலச்சம்பங்கி மூன்று வருடத்துக்கு மேல் அதே இடத்தில் இருக்கிறது. ஒற்றை இதழ் ரகம். இந்தக் கோடையில் இலைதான் மண்டிக் கிடந்தது. வந்த சில பூத்தண்டும் குட்டை, மொட்டும் சின்னது.

ஓரத்தில் ஒரு குத்தைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன். நடுவில் பூத்து ஓய்ந்த தாய்க்கிழங்கு. அதைச் சுற்றி சின்ன வெங்காயம் அளவிலிருந்து பூண்டுப் பல் அளவுவரை குட்டிகள், விரல் நுழைய இடமில்லை. பிரித்தே ஆகவேண்டும்.

ஜூன், ஜூலையில் 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்காகப் பார்த்து, 45 செ.மீ.க்கு 20 செ.மீ. இடைவெளியில், இரண்டரை செ.மீ. ஆழத்தில் நடவேண்டும் என்பது தெரியும். அது வயல் கணக்கு. வீட்டுத் தோட்டத்துக்கு இன்னும் நெருக்கி நடலாமா?

தோண்டிய கிழங்கை ஒரு மாதம் நிழலில் ஆறப்போட வேண்டும் என்கிறார்கள். மழை ஈரத்தில் அழுகாமல் எப்படி வைப்பது? மணலில் புதைக்கலாமா, சாக்கில் பரப்பினால் போதுமா? பூண்டுப் பல் அளவுக் குட்டிகளைத் தனிப் பாத்தியில் வளர்த்தால் அடுத்த வருடமாவது பூக்குமா?

முக்கியமான சந்தேகம் இதுதான்: சில வேர்களில் சிறு முடிச்சுகள் தெரிகின்றன. வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு என்று நினைக்கிறேன். அதைக் கட்டுப்படுத்த வேப்பம் புண்ணாக்கு போட்டு, துலுக்கச் செவ்வந்தியை ஊடே நட்டு அதே இடத்தில் தொடரலாமா, இல்லை இடத்தையே மாற்றவேண்டுமா? மாற்றுவதென்றால் முருங்கையடிதான் காலி, அங்கே பாதி நாள்தான் வெயில்.

சம்பங்கி வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். முடிச்சு இல்லாத குத்திலிருந்து மிஞ்சும் கிழங்கை, மதுரைப் பக்கம் இருப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.